கொக்கியை எங்கே ஒளிப்பது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லேக்ஹர்ஸ்ட் என்றொரு ஊர். 1937இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் தீப்பற்றி விழுந்தது இங்கேதான். இப்போது அங்கே கடற்படையின் சோதனைத் திடல் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் கவண் பொறி, தடுப்பு வடம் எல்லாவற்றையும் கட்டாந்தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகும் முன் புது விமானங்கள் இங்கே தேறியாக வேண்டும். 2011இல் எஃப்-35சி வந்தது. தரையில் குறுக்கே கட்டிய எஃகு வடத்தின் மேல் அதை ஓடவிட்டார்கள். வால்பக்கம் தொங்கும் கொக்கி வடத்தைப் பற்ற வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எட்டு முறை ஓடியது. எட்டு முறையும் கொக்கி வடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

கொக்கி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1911 ஜனவரி 18 அன்று யூஜின் எலி என்ற விமானி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நின்ற பென்சில்வேனியா போர்க்கப்பலில் இறங்கியபோதே விமானத்தின் அடியில் கொக்கிகள் இருந்தன. தளத்தின் குறுக்கே கயிறுகள், கயிறுகளின் இரு முனைகளிலும் மணல் மூட்டைகள். மரச்சட்டமும் துணியுமாக இருந்த அந்த விமானத்தைக் கொக்கி பிடித்து நிறுத்தியது. அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, உலகிலேயே அதிகச் செலவு பிடித்த ஆயுதத் திட்டத்தில் உருவான விமானத்தால் அந்த எளிய வேலையைச் செய்ய முடியவில்லை.

பொறியாளர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கொக்கியை ரேடாரின் கண்ணில் படாமல் மறைக்க வேண்டியிருந்தது. தொல்லை அங்கிருந்துதான் தொடங்கியது. விமானந்தாங்கிக் கப்பல் ஒரு விமானத்திடம் கேட்பது ஒன்று, ரேடாரிடமிருந்து தப்புவதற்கு அந்த விமானம் செய்ய வேண்டியது வேறொன்று. இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. கப்பலில் பணிபுரியும் ஸ்டெல்த் விமானம் என்றால் மர்மமான கறுப்புப் பூச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அந்தக் கொக்கிதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் ரேடார். ஆண்டெனாவிலிருந்து புறப்படும் அலை போகப் போகப் பரவி மெலிகிறது; தூரம் இரண்டு மடங்கானால் அதன் செறிவு நாலில் ஒன்றாகக் குறைகிறது. விமானத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதே போலப் பரவி, அதே போல மெலிகிறது. போகும்போது ஒரு வர்க்கம், வரும்போது ஒரு வர்க்கம். ஆக, ரேடாருக்குத் திரும்பி வரும் ஆற்றல் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் விழுகிறது. இது ரேடார்காரர்களுக்குப் பெரிய தலைவலி. விமானம் வடிவமைப்பவர்களுக்கோ இன்னும் பெரிய தலைவலி. ஒரு விமானத்தின் எதிரொலியைப் பாதியாகக் குறைத்தால், அது கண்ணில் படும் தூரம் 16 சதவீதம்தான் குறையும். தூரம் பாதியாக வேண்டுமென்றால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காக வேண்டும். 400 கிலோமீட்டரில் தெரிகிற விமானம் 40 கிலோமீட்டருக்கு வந்த பிறகே தெரிய வேண்டுமானால், எதிரொலி பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும்.

அதனால் அரைகுறை மறைவுக்குக் கிட்டத்தட்ட மதிப்பே கிடையாது. முழு உடலையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டு, ஒரு கதவின் விளிம்பையோ பாதி வெளியே நீட்டிய ஒரு கம்பியையோ விட்டுவிட்டால், மொத்த எதிரொலியில் பெரும்பங்கு அந்த ஒன்றிலிருந்தே வரக்கூடும். போர் விமானங்களின் மூக்கில் இருக்கும் ரேடார்கள் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவு அலைநீளத்தில் வேலை செய்பவை. அந்த அலைக்குச் சில மில்லிமீட்டர் இடுக்கும் ஒரு விஷயம்தான்.

எதிரொலியைக் கணக்குப் போட்டுக் குறைக்கலாம் என்பதற்கு அடித்தளம் போட்டவர் ஒரு சோவியத் இயற்பியலாளர் என்பது இந்தக் கதையின் சுவாரசியங்களில் ஒன்று. பியோத்தர் உஃபிம்ட்செவ் 1962இல் மாஸ்கோவில் வெளியிட்ட நூலில், ஒரு பொருளின் ஓரங்களில் மின்காந்த அலை எப்படிச் சிதறுகிறது என்பதைக் கணக்கிட வழி சொன்னார். அதை வெளியிடத் தடை ஏதும் வரவில்லை. ராணுவ முக்கியத்துவம் அதில் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்து வைத்திருந்தது. 1970களில் லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த மொழிபெயர்ப்பைப் படித்தார். தட்டையான முகங்களால் ஆன ஒரு வடிவத்தின் எதிரொலியைக் கணினியில் கணக்கிட்டுவிடலாம் என்று கண்டார். அதிலிருந்து பிறந்த எஃப்-117 விமானம் 1981 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது.

மறைவின் பெரும்பங்கு வடிவத்தால் வருவது. பூச்சு அதற்குப் பிறகுதான். வந்த அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பாமல் வேறெங்காவது தள்ளிவிடுவதே வடிவத்தின் வேலை. சிறகின் முன்விளிம்பு, வாலின் விளிம்பு, காற்று உறிஞ்சும் வாயின் விளிம்பு எல்லாவற்றையும் இரண்டு மூன்று திசைகளுக்கு இணையாக வைத்துவிட்டால், எதிரொலி அந்தத் திசைகளில் மட்டும் கூர்மையாகப் போகும். மற்ற திசைகளில் அமைதி. சக்கர அறைக் கதவுகளின் ஓரங்கள் ரம்பப் பல் போல வெட்டப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். குண்டுகள் வயிற்றுக்குள். எரிபொருளும் உள்ளே. வெளியே எதுவும் தொங்கக் கூடாது, நீட்டக் கூடாது, திறந்து கிடக்கக் கூடாது.

இப்போது கப்பலின் பக்கத்துக்கு வருவோம். கப்பலில் எல்லாமே தொங்க வேண்டும், நீட்ட வேண்டும், மடங்க வேண்டும்.

ஓடுதளம் போதாது என்பதால், புறப்படும் விமானத்தைக் கவண் பொறி சுமார் 90 மீட்டருக்குள் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவு வேகத்துக்கு இழுத்துவிடுகிறது. அந்த இழுப்பு முழுவதும் முன்சக்கரக் காலில் இருக்கும் ஓர் இழுப்புக் கம்பி வழியாகத்தான் விமானத்துக்குப் போகிறது. எஃப்-35சியின் முன்காலில் மட்டும் இரட்டைச் சக்கரம் இருப்பதற்கும், அந்தக் காலிலிருந்து முதுகெலும்பு வரை உடல் தடித்திருப்பதற்கும் காரணம் இதுதான். பறக்கத் தொடங்கியதும் இழுப்புக் கம்பியோடு சேர்ந்து கால் மடங்கிக் கதவுக்குள் மறைய வேண்டும்.

இறங்குவது இதைவிடக் கொடுமை. தரையில் இறங்கும் விமானி கடைசி நொடியில் மூக்கைச் சற்று உயர்த்தி, விமானத்தை மெத்தென்று தரையில் வைப்பார். கப்பலில் அதற்கெல்லாம் இடமில்லை. சுமார் மூன்றரை டிகிரிச் சரிவில் வந்து, அதே சரிவில் தளத்தில் மோத வேண்டும். கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 4 மீட்டர் அளவில் இருக்கும். 20 டன் விமானத்தை ஒரு மேசை உயரத்திலிருந்து தொப்பென்று போடுவதற்குச் சமம் அது. அலையில் தளம் மேலே எழும்பும் நேரத்தில் இறங்கினால் அடி இன்னும் பலமாக விழும். ஆகவே 2010இல் ஒரு சோதனை எஃப்-35சியை 3 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். அப்படி அடி தாங்கும் கால்கள் தடிமனாக இருக்கும். தடித்த கால்களுக்குப் பெரிய அறை வேண்டும், பெரிய அறைக்குப் பெரிய கதவு. கதவு பெரிதானால் அதன் விளிம்பும் நீளம்.

மோதிய பிறகு நிற்க வேண்டும். கப்பலும் முன்னோக்கி ஓடுகிறது, எதிர்க்காற்றும் உதவுகிறது. ஆனாலும் தளத்தைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் விநாடிக்கு 60 மீட்டர் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 20 டன்னுக்கு அது 36 மெகாஜூல் இயக்க ஆற்றல். அதை 100 மீட்டருக்குள் வடம் விழுங்க வேண்டும். சராசரியாகப் புவியீர்ப்பின் 1.8 மடங்கு விசை விமானத்தைப் பின்னோக்கி இழுக்கும். அந்த விசை மொத்தமும் ஒரே ஒரு கொக்கியின் நுனியில்.

மெதுவாக வந்தால் நல்லது. வேகம் குறைந்தால் சிறகு தூக்கும் விசையும் குறையும், அதனால் சிறகு பெரிதாக வேண்டும். விமானப்படைக்கான எஃப்-35ஏயின் சிறகுப் பரப்பு 43 சதுர மீட்டர். கடற்படைக்கான சியின் பரப்பு 62. வால் இறக்கைகளும் பெரிதாயின. சிறகின் அகலம் 10.7 மீட்டரிலிருந்து 13.1 மீட்டர் ஆனது. கப்பலின் கொட்டகையிலோ இடத்துக்கு அடிதடி. எனவே நுனிகளை மடித்து 9.1 மீட்டருக்குள் சுருக்குகிறார்கள். மடிப்பு என்றால் கீல், கீலுக்கு மோட்டார், நடுவில் ஓர் இடுக்கு. சிறகின் குறுக்கே ஒரு நீளமான இடுக்கு என்பது ஸ்டெல்த் வடிவமைப்பாளருக்குக் கெட்ட கனவு. மடிப்பை நீட்டிப் பூட்டியதும் இரண்டு பகுதிகளும் ஒரே தோலாகத் தெரியும்படி அதைச் செய்ய வேண்டும். கப்பலில் அதை மடித்து நீட்டி, மடித்து நீட்டி, உப்புக்காற்றில் வருடக்கணக்கில் அப்படியே வைத்திருக்கவும் வேண்டும்.

இவ்வளவுக்கும் விலை எடை. ஏ வகையைவிட சி வகை சுமார் இரண்டரை டன் கூடுதல். பெரிய சிறகுக்குள் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக அடங்கும், அது லாபம். நஷ்டம் வேகம் பிடிப்பதில் தெரிந்தது. ஒலியின் 0.8 மடங்கிலிருந்து 1.2 மடங்குக்குப் போக எடுக்கும் நேரம் முதலில் நினைத்ததைவிடக் குறைந்தது 43 விநாடி கூடிவிட்டது. வான்சண்டையில் 43 விநாடி என்பது சின்னச் சமாசாரம் இல்லை. இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும் இலக்கையே தளர்த்திவிட்டார்கள்.

விமானப்படை, கடற்படை, கடற்படைக் காலாட்படை மூன்றுக்கும் ஒரே விமானம், எழுபது எண்பது சதவீதம் பொதுவான பாகங்கள் என்று சொல்லித்தான் 2001 அக்டோபரில் லாக்ஹீட் மார்ட்டினுக்கு இந்த ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. கடைசியில் மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சியது இருபது இருபத்தைந்து சதவீதம்தான் என்று திட்டத் தலைவரே 2016இல் ஒப்புக்கொண்டார். கப்பல் கேட்பதை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கொக்கிக்கு வருகிறேன். பழைய எஃப்/ஏ-18 விமானத்தில் கொக்கி இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே, வாலடியில், திறந்த வெளியில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ரேடார் பார்த்தால் பார்க்கட்டும். எஃப்-35சியில் அது முடியாது. பறக்கும்போது கொக்கி முழுவதும் உள்ளே போய், மேலே கதவு மூடிக்கொள்ள வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் வால்பகுதி முழுவதையும் எஞ்சினே அடைத்துக்கொண்டிருக்கிறது. கிடைத்த இடத்தில் கொக்கியைப் பொருத்தியபோது, பின்சக்கரங்களுக்கும் கொக்கி நுனிக்கும் இடைப்பட்ட தூரம் 7.1 அடி ஆனது. எஃப்/ஏ-18இல் அது 18 அடி.

இந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது? தடுப்பு வடம் தளத்திலிருந்து சில அங்குலம் மேலே நிற்கிறது. முதலில் அதன் மேல் ஏறுவது விமானத்தின் சக்கரங்கள். ஏறும்போது வடத்தை நசுக்கித் தளத்தோடு படுக்கவைக்கின்றன. சக்கரம் கடந்ததும் வடம் அதிர்ந்து மீண்டும் மேலே எழும்பும். அந்த நேரம் பார்த்துக் கொக்கி வந்து பற்றும். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் எஃப்/ஏ-18இன் கொக்கி சக்கரத்துக்குப் பின்னால் சுமார் 90 மில்லிவிநாடி கழித்து வருகிறது. எஃப்-35சியின் கொக்கி 36 மில்லிவிநாடியில் வந்துவிடுகிறது. வடத்துக்கு எழுந்து நிற்க அவகாசமே இல்லை. படுத்துக் கிடந்த வடத்தின் மேல் கொக்கியின் மழுங்கிய நுனி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. போதாக்குறைக்குக் கொக்கியைக் கீழே அழுத்திப் பிடிக்கும் அமைப்பும் பலவீனமாக இருந்ததால், தளத்தில் பட்ட வேகத்தில் கொக்கியே துள்ளியது.

ஐம்பது மில்லிவிநாடி வித்தியாசம். மறைவுக்குக் கொடுத்த விலை அதுதான். கணினியில் ஓட்டிப் பார்த்த மாதிரிகளில் வடம் நடந்துகொண்ட விதம் வேறு, லேக்ஹர்ஸ்டில் நடந்துகொண்ட விதம் வேறு. நசுங்கி அதிரும் எஃகு வடத்தின் அசைவைக் கணக்கிடுவது, சீராக வளைந்த சிறகின் மேல் காற்று ஓடுவதைக் கணக்கிடுவதைவிடக் கடினம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

கொக்கியை இடம் மாற்ற முடியாது; விமானத்தின் பின்பாதியையே பிரித்துப் போட்டுக் கட்ட வேண்டும். எனவே நுனியை மாற்றினார்கள். படுத்திருக்கும் வடத்துக்கும் அடியில் நுழைந்து அள்ளுவதற்காக அது தாழ்வாகவும் கூர்மையாகவும் ஆனது. அழுத்திப் பிடிக்கும் அமைப்பையும் பலப்படுத்தினார்கள். 2014 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் கடற்கரைக்கு அப்பால் நிமிட்ஸ் கப்பலில் கமாண்டர் டோனி வில்சன் ஓட்டி வந்த எஃப்-35சி முதல் முயற்சியிலேயே வடத்தைப் பிடித்தது. அந்தச் சுற்றில் மொத்தம் 124 முறை பிடித்து நிறுத்தினார்கள். கொக்கியை இறக்கிவிட்டு வந்தும் தவறவிட்டது என்று ஒன்றுகூட இல்லை.

அந்த வெற்றியில் மென்பொருளுக்கும் பங்குண்டு. கப்பலில் இறங்கும் விமானி கடைசி இருபது விநாடியில் விசையையும் கைப்பிடியையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பது பழைய முறை. எஃப்-35சியில் விமானி சரிவுக் கோணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கணினியே சிறகின் மடல்களை அசைத்து விமானத்தை அந்தக் கோட்டில் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு ஒழுங்காக இறங்கினால், கொக்கி எப்போதும் தளத்தின் ஒரே இடத்தில் விழுந்து இரும்பைத் தேய்த்துவிடுமோ என்று கவலைப்படும் அளவுக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது.

எல்லாமே இப்படி இனிதாக முடிந்துவிடவில்லை. குறைந்த எடையில் கவண் பொறி இழுக்கும்போது விமானத்தின் மூக்கு மேலும் கீழுமாகக் குதித்து, விமானியின் கனமான தலைக்கவசத்தை ஆட்டிவிடுவது 2016இல் பெரிய புகாரானது. இரவில் கப்பலை நெருங்கும்போது அதே தலைக்கவசத்தின் திரை பச்சையாக ஒளிர்ந்து, கப்பலின் மங்கலான விளக்குகளை மூழ்கடித்தது. திரையில் ஒளிரும் பொருளையே பிறகு மாற்றினார்கள்.

இதற்கு முன்பே ஒருமுறை கடற்படை ஸ்டெல்த் விமானத்துக்கு ஆசைப்பட்டுச் சூடு பட்டிருந்தது. 1988 ஜனவரியில் மெக்டானல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஏ-6 குண்டுவீச்சு விமானத்துக்குப் பதிலாக ஏ-12 அவெஞ்சர் என்று ஒரு முக்கோணம். வால் இல்லை, உடல் என்று தனியாக ஒன்றுமில்லை, சிறகே விமானம். பறக்கும் டொரிட்டோ என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ரேடாருக்கு அருமையான வடிவம். கப்பலுக்கும் மோசமில்லை: 21 மீட்டர் அகலம் மடித்தால் 11 மீட்டர். எடைதான் அடங்கவில்லை. கார்பன் இழைப் பாகங்கள் நினைத்ததைவிடத் தடித்துக்கொண்டே போயின. செலவும் கால தாமதமும் சேர்ந்து ஏற, 1991 ஜனவரி 7 அன்று பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி திட்டத்தை ரத்து செய்தார். பல நூறு கோடி டாலர் போனது. ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை.

அதன் பிறகு நடந்த வழக்கு, விமானத்தைவிட ருசியானது. வேறு ரகசியத் திட்டங்களில் அரசு கற்றுவைத்திருந்த ஸ்டெல்த் தொழில்நுட்பத்தை எங்களோடு பகிரவில்லை, அதனால்தான் தடுமாறினோம் என்றன நிறுவனங்கள். அந்த வாதம் சரியா தவறா என்று பார்க்க வேண்டுமானால் அந்த ரகசியங்களை நீதிமன்றத்தில் திறந்துகாட்ட வேண்டும். அரசு மறுத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், இதை விசாரிக்க வழியில்லை, இரு தரப்பும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்று கையை விரித்துவிட்டது. 2014 ஜனவரியில்தான் சமரசம் வந்தது. 40 கோடி டாலர் மதிப்பு. பணமாக அல்ல, விமானங்களாகவும் ஒரு போர்க்கப்பலுக்கான கழிவாகவும் நிறுவனங்கள் அரசுக்குக் கொடுத்தன. ரத்தான ஒரு விமானத்துக்காக 23 வருடம் வழக்கு.

அதே காலத்தில் விமானப்படையின் எஃப்-22ஐக் கப்பலுக்கு ஏற்ப மாற்றும் யோசனை ஒன்று ஓடியது. பறக்கும்போதே கோணம் மாறும் சிறகுகள் வைத்த வடிவம் அது. எஃப்-117க்கும் கப்பல் வகை ஒன்றை லாக்ஹீட் முன்வைத்தது. இரண்டும் காகிதத்தோடு சரி. கடற்படை எஃப்/ஏ-18இன் புதிய வகையான சூப்பர் ஹார்னெட்டை வாங்கிக்கொண்டு, முகப்பில் மட்டும் எதிரொலியைக் கொஞ்சம் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டது. விமானப்படைக்கு 1983இல் ஸ்டெல்த் விமானம் வந்துவிட்டது. கடற்படையின் முதல் எஃப்-35சி அணி போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது 2019 பிப்ரவரி 28 அன்று. இந்த 36 வருட இடைவெளிக்குக் கடற்படையின் பழமைவாதம் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்த முக்கோணத்தின் எடையில் இருக்கிறது.

வடிவத்தைச் சமாளித்தாலும் தோலைச் சமாளிக்க வேண்டும். ரேடார் அலையை உறிஞ்சும் பொருள்கள் பலவற்றில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். அலையின் ஆற்றல் அவற்றில் வெப்பமாகக் கரைகிறது. பி-2 குண்டுவீச்சு விமானத்தின் தோலைப் பாதுகாக்க வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கொட்டகைகள் கட்டினார்கள். கப்பலின் மேல்தளத்தில் யாரும் அப்படிச் செல்லம் கொடுப்பதில்லை. வெயில், உப்புத்தூறல், எரிபொருள், கிரீஸ், பூட்ஸ் கால்கள், இழுவை வண்டிகளின் சங்கிலிகள். கார்ல் வின்சன் கப்பல் 2021 ஆகஸ்டில் எஃப்-35சியோடு முதல் நெடும்பயணம் போனபோது வெளியான படங்களில், விமானங்களின் உடம்பில் துருநிறத் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

இன்னொரு முரணும் உண்டு. தன் கப்பலே இந்த விமானத்தைப் பார்க்க முடியாமல் போனால் என்ன செய்வது? அமைதிக்காலத்தில் ஸ்டெல்த் விமானங்களின் உடலில் லூனிபெர்க் லென்ஸ் எனப்படும் சிறு குமிழ்களைப் பொருத்துகிறார்கள். வந்த ரேடார் அலையை வந்த வழியே திருப்புவதுதான் அவற்றின் ஒரே வேலை. கோடிக்கணக்கில் கொட்டி மறைத்த விமானத்தை நாலு குமிழ்கள் வைத்து மறுபடி காட்டிக்கொடுக்கிறார்கள். உளவு பார்க்கிறவர்களுக்கு உண்மையான எதிரொலி கிடைக்காது என்பதும் அதில் ஒரு வசதி.

அந்த வின்சன் பயணத்திலேயே, 2022 ஜனவரி 24 அன்று, தென்சீனக் கடலில் இறங்க வந்த ஒரு எஃப்-35சி தளத்தின் பின்விளிம்பில் மோதி, சறுக்கிச் சுழன்று, கடலில் விழுந்தது. விமானி வெளியேறிவிட்டார், அவரோடு சேர்த்து ஏழு பேருக்குக் காயம். விசாரணையில் வெளிவந்ததைப் படித்தால் வருத்தமாக இருக்கும். விரைவாக இறங்கும் ஒரு முறையை அவர் முதல்முறையாகச் செய்துபார்த்தார். அந்த அவசரத்தில், மேலே சொன்ன தானியங்கி உதவிகளை இயக்க விட்டுப்போனது. அதன் பிறகு தொடங்கியது வேறொரு பந்தயம். சுமார் 3,780 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைசல் சீனாவின் கையில் சிக்கிவிடக் கூடாது. தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கி வாகனத்தை இறக்கி, கயிறு கட்டி, மார்ச் 2 அன்று தூக்கிவிட்டார்கள். அந்த விபத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் பிரிட்டனின் குயின் எலிசபெத் கப்பலிலிருந்து ஓர் எஃப்-35பி மத்தியதரைக் கடலில் விழுந்திருந்தது. காரணம், எஞ்சின் வாயை மூடும் உறை ஒன்றைக் கழற்றாமல் விட்டது.

அந்த எஃப்-35பி கொக்கிப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்த விமானம்: அதற்குக் கொக்கியே கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி, பின்னால் கீழ்நோக்கி வளையும் எஞ்சின் வாய். குறுகிய தூரம் ஓடி எழும்பி, செங்குத்தாக இறங்கும். பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் என்று கவண் பொறி இல்லாத கப்பல் வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். விசிறி அடைத்துக்கொள்ளும் இடம் எரிபொருளிலிருந்தும் குண்டு அறையிலிருந்தும் திருடியது, அதனால் போகும் தூரம் குறைவு. குண்டோடு செங்குத்தாக இறங்கினால் எடை தாங்காது, பயன்படுத்தாத குண்டைக் கடலில் எறிய வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் பிரிட்டிஷ்காரர்கள் கொஞ்சம் முன்னோக்கி உருண்டபடியே இறங்கும் ஒரு முறையை 2018 அக்டோபரில் குயின் எலிசபெத்தில் செய்துகாட்டினார்கள்.

இதுவரை விமானம் கப்பலுக்காக என்னென்ன விட்டுக்கொடுத்தது என்று பார்த்தோம். கப்பலும் விட்டுக்கொடுத்திருக்கிறது. எஃப்-35சியின் எஞ்சின், பின்எரிப்பானோடு 190 கிலோநியூட்டன் அளவு உந்துவிசை தருவது. அதன் அனல் பின்னால் நிற்பவர்களைத் தாக்காமல் தடுக்கும் தகடுகளுக்குக் கூடுதல் குளிரூட்டல் வேண்டியிருந்தது. ரகசியத் தகவல்களைக் கையாளத் தனி அறைகள் வேண்டியிருந்தன. நடுக்கடலில் எஞ்சின் பழுதானால் மாற்று எஞ்சினைக் கொண்டுவரும் வேலை இன்னொரு சிக்கல்: கப்பலுக்குச் சரக்கு ஏற்றிவந்த பழைய சி-2 விமானத்தின் கதவுக்குள் அது நுழையவில்லை. அதைத் தூக்கிவரச் சுழலும் இறகிகள் கொண்ட ஆஸ்ப்ரே விமானத்தின் புதிய வகை வந்த பிறகே வின்சன் பயணம் போக முடிந்தது.

அமெரிக்காவின் மிகப் புதிய கப்பலான ஜெரால்டு ஃபோர்டு, மின்காந்தக் கவண் பொறியோடு பெருமையாக வந்தது. ஆனால் முதல் பயணங்களுக்கு எஃப்-35சி இல்லாமலே கிளம்பியது. இந்த மாற்றங்களைச் செய்யாமலே அதைக் கட்டி முடித்திருந்தார்கள். சீனா அந்த இடத்தில் முந்திக்கொண்டது. 2012 அக்டோபரில் எஃப்சி-31 என்ற பெயரில் பறந்த மாதிரியிலிருந்து வளர்ந்த ஜே-35, இரட்டை எஞ்சின் விமானம். அதன் கப்பல் வகை 2021 அக்டோபரில் பறந்தது. ஃபுஜியான் கப்பலின் மின்காந்தக் கவண் பொறி அதை வானில் எறிவதைக் காட்டும் படங்களை 2025 செப்டம்பரில் சீனா வெளியிட்டது. அப்படி எறியப்பட்ட முதல் ஸ்டெல்த் போர் விமானம் என்ற பெயர் அதற்குப் போனது. அதே ஆண்டு நவம்பரிலேயே ஃபுஜியான் கடற்படையில் சேர்ந்தது. ஃபோர்டுக்கு அடுத்து வரும் கென்னடி கப்பலில் எஃப்-35சியை ஏற்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது.